மன்றம் நடக்கட்டும், ஸ்கூல் டைம்லயே நடக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல அரசுப் பள்ளி கலைத் திருவிழா செய்தி வந்ததுக்கு அப்புறம் ஒரு வாசகர் கடிதம் வந்துச்சு, "அந்தக் காலத்துல மன்றம் கிளப்புன்னு ஒன்னும் கிடையாது, வாத்தியார் பாடம் நடத்துனாரு, பசங்க படிச்சு மேல வந்தாங்க, இப்ப இந்தக் கூத்தெல்லாம் எதுக்கு"ங்கற மாதிரி. அவருக்கு இன்னா வயசுன்னு தெரியல. ஆனா அவர் சொல்ற அந்தக் காலத்துல ஸ்கூல்ல படிச்சவன் நான், அதனாலதான் எழுதறேன். நீளமா போச்சுன்னா வெட்டிக்கோங்க சார், நடுவுல வர்ற தார் சுத்தற விஷயத்த, அதான் தறிக்கு நூல் சுத்திக் குடுக்கற விஷயத்த மட்டும் வெட்டிடாதீங்க, இந்த லெட்டரே அதுக்காகத்தான்.

1953 ஜூன்ல குடியாத்தம் பக்கம் ஒரு ஹைஸ்கூல்ல பஸ்ட் பாரம் சேந்தேன், 1959ல எஸ்.எஸ்.எல்.சி. எழுதினேன். அப்ப ஆறாங்கிளாஸ் ஏழாங்கிளாஸ்னு சொல்ல மாட்டோம், பஸ்ட் பாரத்துல இருந்து சிக்ஸ்த் பாரம் வரைக்கும், சிக்ஸ்த் பாரம்தான் எஸ்.எஸ்.எல்.சி., மொத்தம் பதினோரு வருஷப் படிப்பு. மாவட்டம் வட ஆற்காடு, ஆரணி செய்யாறு திருவண்ணாமலை திருப்பத்தூர் வாலாஜா எல்லாம் ஒரே கலெக்டர்தான், 1989ல திருவண்ணாமலை தனியா போச்சு, 2019ல மிச்சமிருந்த வேலூரும் மூணா பிரிஞ்சுது. நான் செகண்ட் பாரம் படிக்கறப்பதான் காமராஜர் முதலமைச்சராகி எங்க குடியாத்தம் தொகுதியில இடைத்தேர்தல்ல நின்னு ஜெயிச்சாரு, 1954. ஊரே திருவிழா மாதிரி இருந்துச்சு, ஸ்கூல்ல மட்டும் ஹெட்மாஸ்டர் எலெக்‌ஷன் பேச்சு பேசக்கூடாதுன்னுட்டாரு, பேசாம இருந்தோமா இன்னா.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எங்க ஸ்கூல்ல வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு இலக்கிய மன்றம். டைம்டேபிள்லயே எழுதியிருக்கும், கணக்கு இங்கிலீஷ் மாதிரி அதுவும் ஒரு பீரியடு, அன்னிக்கு யாரும் அதைத் தொட முடியாது. வருஷ ஆரம்பத்துல செகரட்டரி எலெக்‌ஷன், சாக்பீஸ் டப்பாவுல துண்டுச் சீட்டு போட்டு எண்ணுவாங்க, தலைவர் மட்டும் வாத்தியாரு, செகரட்டரி டிரெஷரர் ரெண்டு பேரும் பசங்கதான். கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, அப்புறம் செகரட்டரி எழுந்து போன வாரம் நடந்தத மினிட்ஸ் நோட்ட பாத்துப் படிப்பான், அதுல தப்பு இருந்தா எந்தப் பையனும் எழுந்து "நான் அப்படிப் பேசல"ன்னு சொல்லலாம், திருத்தி எழுதினப்புறம்தான் தமிழய்யா கையெழுத்துப் போடுவாரு. எனக்கு ரெண்டு வருஷம் அந்த செகரட்டரி வேலை. ஒருத்தன் அரை மணி நேரம் பேசினத நாலு வரியில எழுதணும், அவனும் ஒத்துக்கணும், எதிர்ல பேசினவனும் ஒத்துக்கணும். பின்னாடி தபால் ஆபீஸ்ல முப்பது வருஷத்துக்கு மேல ரிப்போர்ட் எழுதினேன், எந்த டிரெயினிங்லயும் அதைவிட நல்லா யாரும் சொல்லிக் குடுக்கல.

டிரெஷரர் கதை ஒன்னு சொல்லியே ஆகணும். மன்றத்துக்கு மாசச் சந்தா ஓரணா, புக்கு வாங்க, ஆண்டு விழாவுக்குத் தோரணம் கட்ட. எங்க கிளாஸ்ல ஒழுங்கா கட்டறவங்க பதினாறு பேரு, பதினாறணா, சரியா ஒரு ரூபா. 1957 ஏப்ரல் ஒன்னாந்தேதி நயா பைசா வந்துருச்சு. ரூபாய்க்கு நூறு பைசா, ஓரணாவுக்கு ஆறு பைசான்னு மாத்திக் குடுக்கறாங்க. ஜூன்ல ஸ்கூல் தொறந்ததும் டிரெஷரர் சந்தா வாங்கினான், பதினாறு பேரும் ஆறு ஆறு பைசா குடுத்தாங்க, கூட்டிப் பாத்தா தொண்ணூத்தாறு பைசாதான் இருக்கு. நாலு பைசா எங்கடான்னு கிளாஸே அவன் மேல பாயுது, அவன் அழாத குறை, நோட்ட தூக்கி டேபிள் மேல வெச்சுட்டு நான் ராஜினாமான்னுட்டான். கணக்கு சார் பின்னாடி பெஞ்சுல ஒக்காந்துக்கினு சிரிக்கறாரு, வாயத் தொறக்கல. கடைசியில ஒரு பையன் எழுந்து, நாலு பேருக்கு ஒருத்தர் ஏழு பைசா குடுத்தா சரியா வரும்னான். போர்டுல போட்டுப் பாத்தோம், பன்னெண்டு பேர் ஆறு பைசா எழுபத்திரெண்டு, நாலு பேர் ஏழு பைசா இருபத்தெட்டு, மொத்தம் நூறு. சரி, அந்த நாலு பேரு யாருன்னு அடுத்த சண்டை. மாசத்துக்கு நாலு பேரு மொறை வெச்சு ஏழு பைசா குடுக்கறதுன்னு தீர்மானம் போட்டோம், மினிட்ஸ்ல எழுதினேன். கணக்கு சார் அப்பதான் எழுந்து வந்து அந்தப் பையன் முதுகுல ஒன்னு தட்டிட்டுப் போனாரு, அதோட சரி.

விவாதம்னா இன்னொன்னு ஞாபகம் இருக்கு. 1956, 57ல சித்தூர் திருத்தணி யாருக்குன்னு பெரிய பிரச்சனை. சித்தூர் 1911 வரைக்கும் வட ஆற்காட்டோடதான் இருந்துச்சு, ஆந்திரா தனியா போனப்ப திருத்தணியும் சேந்து அந்தப் பக்கம் போயிருச்சு. தமிழரசுக் கழகத் தலைவர் ம.பொ.சி. வடக்கெல்லைப் போராட்டம் நடத்தறாரு, ஊர்ல கூட்டம் கூட்டமா பேசறாங்க. எங்க கிளாஸ்ல பாதிப் பேரு வீட்ல தெலுங்கு, கொஞ்சம் பேரு உருது. இந்த டாபிக் வேணும்னு பசங்க கேட்டுட்டோம். வேற ஹெட்மாஸ்டரா இருந்தா ஓடுங்கடான்னு துரத்தியிருப்பாரு. இவரு ஒரே ஒரு கண்டிஷன் போட்டாரு, எந்தப் பக்கம் யார் பேசறதுன்னு சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கணும். அதனால வீட்ல தெலுங்கு பேசற பையன் திருத்தணி நமக்கேன்னு முழங்கறான், வடக்கெல்லைப் போராட்டத்துக்கு உண்டியல் குலுக்கினவரோட பையன் ஆந்திராவுக்கு வக்காலத்து வாங்கறான், அவங்க நைனா கேள்விப்பட்டிருந்தா அன்னிக்கு ராத்திரி சோறு கெடைச்சிருக்காது. ஆனா ரெண்டு பேரும் அவ்வளவு நல்லா பேசினாங்க. அடுத்த பக்கத்துக்காரன் இன்னா நியாயம் வெச்சிருக்கான்னு தேடிப் பாத்தாத்தானே பேச முடியும். 1960 ஏப்ரல்ல திருத்தணி நம்ம பக்கம் வந்துச்சு, அப்ப நாங்க ஸ்கூல விட்டே போயிட்டோம்.

திருத்தணின்னதும் ஞாபகம் வருது, டாக்டர் ராதாகிருஷ்ணன் அங்க பொறந்து வேலூர் ஊரீஸ் காலேஜ்ல படிச்சவரு, நாங்க படிக்கறப்ப துணை ஜனாதிபதி. தமிழய்யா எழுத்தாளர் மு.வ.வப் பத்திச் சொல்லுவாரு, நம்ம வட ஆற்காட்டுக்காரர்தான், திருப்பத்தூர் முனிசிபல் ஹைஸ்கூல்ல தமிழாசிரியரா இருந்தவருன்னு, அந்தப் பேரச் சொல்றப்ப இவரு குரலே மாறிடும்.

இப்ப தார் சுத்தற விஷயம்.

எங்க ஊர்ப் பக்கம் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், வீட்டுக்கு வீடு தறி, லுங்கி. தறி இல்லாத வீட்ல பீடி. சாயங்காலம் நாலரைக்கு ஸ்கூல் மணி அடிச்சா நெசவுக்காரர் வீட்டுப் பையன் விளையாடவெல்லாம் போக முடியாது, நேரா வீட்டுக்கு ஓடி ராட்டையில ஒக்காந்து தார் சுத்தணும், அவன் தார் சுத்திக் குடுத்தாத்தான் நாளைக்கு அவங்கப்பன் தறியில நாடா, அதாவது குறுக்கு நூல் கொண்டு போற ஓடம், ஓடும். பீடி வீட்டுல அக்கா தங்கச்சி எல சீவிக்கினு இருக்கும், இவன் கட்டு கட்டணும். சனி ஞாயிறும் இதே கதைதான். எங்க கிளாஸ்ல முக்கால்வாசிப் பேரு இப்படித்தான். நயா பைசாவுக்கு வழி சொன்னானே ஒரு பையன், அவன் தார் சுத்தற பையன். ஆந்திராவுக்கு வக்காலத்து வாங்கினவனும் தார் சுத்தற பையன். அந்த மன்றத்த சாயங்காலம் அஞ்சு மணிக்கு வெச்சிருந்தா அவங்க ரெண்டு பேரும் அங்க இருந்திருக்கவே மாட்டாங்க, அரிசி மண்டிக்காரர் பையனும் தாசில்தார் ஆபீஸ் குமாஸ்தா பையனும் நானும் இன்னும் நாலு பேரும் ஒக்காந்து பேசிக்கினு இருந்திருப்போம். ஸ்கூல் டைம்ல, டைம்டேபிள்ல இருந்ததாலதான் எல்லாருக்கும் கெடைச்சுது. எனக்கு இது அப்ப தெரியாது, இப்ப என் பேரப் பசங்களப் பாக்கறப்பதான் புரியுது.

இப்ப இன்னா நடக்குது? என் பேத்தி வேலூர்ல ஒரு தனியார் ஸ்கூல்ல படிக்குது, சாயங்காலம் கீபோர்டு கிளாஸ், சனிக்கிழமை பரதநாட்டியம், லீவுல அபாகஸ். எல்லாத்துக்கும் பீஸ், எல்லாத்துக்கும் யாராவது ஸ்கூட்டர்ல கூட்டிக்கினு போகணும். என் மருமக ஆட்டோக்காரர விட ஜாஸ்தி ஓட்டுது. எங்க வீட்டுல வேலை செய்யற அம்மாவோட பொண்ணு இதே வயசு, அரசுப் பள்ளி, அது சாயங்காலம் தம்பியப் பாத்துக்கணும், தண்ணி புடிக்கணும். அதுக்கு எந்த கிளாஸும் கெடையாது. ஸ்கூல்ல கெடைச்சாத்தான் உண்டு. ஸ்கூல்ல இருக்கற பி.டி. பீரியடயும் மன்ற பீரியடயும் பரீட்சை வருதுன்னு கணக்கு டீச்சர் எடுத்துக்கறாங்க. இத நான் மட்டும் சொல்லல, உதயநிதி ஸ்டாலின் விளையாட்டுத்துறை அமைச்சரானதும் ஒரு மேடையில கணக்கு சயின்ஸ் ஆசிரியர்களப் பாத்து பி.டி. பீரியட தயவுசெஞ்சு கடன் வாங்காதீங்கன்னு கேட்டாரு, எல்லாரும் கை தட்டினாங்க, பேப்பர்லயெல்லாம் வந்துச்சு. கை தட்டினதோட சரின்னுதான் பசங்க சொல்றாங்க.

அரசு ஒன்னுமே பண்ணலன்னு சொல்ல மாட்டேன், அது அநியாயம். கலைத் திருவிழா நடத்தறாங்க, ஆறுல இருந்து எட்டு வரைக்கும் படிக்கற பசங்களுக்கு 2022ல சயின்ஸும் கணக்கும் செஞ்சு பாத்துக் கத்துக்கறதுக்கு வானவில் மன்றம் ஆரம்பிச்சாங்க, பசங்களுக்குன்னு தேன்சிட்டுன்னு ஒரு பத்திரிகை வருது, 2024ல மகிழ் முற்றம்னு குறிஞ்சி முல்லை மருதம் நெய்தல் பாலைன்னு அணி பிரிச்சிருக்காங்க. பேரெல்லாம் ரொம்ப அழகு. ஆனா எனக்குத் தெரிஞ்ச ஒரு டீச்சரம்மா சொல்றாங்க, ஐயா மன்றம் நடத்தறது இருபது நிமிஷம், போட்டோ எடுத்து அப்லோட் பண்றது நாப்பது நிமிஷம்னு. போட்டோவுல பசங்க வரிசையா நின்னுக்கினு சார்ட்ட புடிச்சிக்கினு இருக்கும், அந்த சார்ட்ட வரைஞ்சது டீச்சர். எங்க காலத்துல போட்டோ எடுக்கணும்னா ஸ்டுடியோக்காரர் வரணும், அது ஆண்டு விழாவுக்கு மட்டும்தான், அதனால மன்றத்துல நடந்ததுக்கு சாட்சி அந்த மினிட்ஸ் நோட்டு ஒன்னுதான், அத பையன்தான் எழுதணும். இந்த ஒரு வித்தியாசம் ரொம்ப பெருசுன்னு நெனைக்கறேன்.

மத்த மன்றத்தப் பத்தியும் சொல்லிடறேன். சாரணர் படை இருந்துச்சு, நாங்க ஸ்கவுட்டுன்னுதான் சொல்லுவோம். 1950 நவம்பர்ல பாரத் ஸ்கவுட்ஸ் அண்ட் கைட்ஸ்னு தனித்தனியா இருந்த சாரணர் சங்கங்கள ஒன்னா சேத்தாங்க, அதுக்கு முன்னாடி ஸ்கவுட்டுன்னா வெள்ளக்காரன் சமாச்சாரம்னு ஊர்ல ஒரு பேச்சு, கொடி மாறினப்புறம் அந்தப் பேச்சு போச்சு. காக்கி அரை டவுசர், கழுத்துல ஸ்கார்ஃப், விசில், கயிறு. முடிச்சு போடறது எங்களுக்கெல்லாம் போட்டிதான், ரீஃப் முடிச்சு, குளோவ் ஹிச், கண்ண மூடிக்கினு போடணும். ஆனா தறி வீட்டுப் பசங்ககிட்ட நாங்க தோத்துப் போயிடுவோம், அறுந்த இழைய ரெண்டு விரல்ல பிடிச்சு முடி போட்டு வளந்த கை அது. ஸ்கவுட் மாஸ்டர் அவங்களையே எங்களுக்கு சொல்லிக் குடுக்க விடுவாரு.

வைகாசி ஒன்னாந்தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, லட்சக்கணக்குல கூட்டம் வரும், அன்னிக்கு ஸ்கவுட் பசங்களுக்குத் தண்ணிப் பந்தல், காணாமப் போன கொழந்தைங்கள ஒக்கார வெச்சுப் பாத்துக்கறது. ஸ்கூல் லீவுதான், ஆனாலும் எல்லாரும் வருவாங்க, அன்னிக்கு எந்தத் தறியும் ஓடாதே. ஆத்து மணல்ல கேம்ப் போடுவோம், பாலாத்துல கையால நோண்டினா ரெண்டு முழத்துல ஊத்துத் தண்ணி, அதுலதான் சமையல். அந்த மணல இப்ப எங்க போய்த் தேடறது, தோல் கழிவும் மணல் லாரியும் சேந்து ஆத்த இன்னா பண்ணிச்சுன்னு உங்க பேப்பர்லயே எத்தனையோ வாட்டி எழுதியிருக்கீங்க. கேம்ப்ல ஒரே பானை, ஒரே பந்தி, யார் வீட்டுப் பையன் தண்ணி மொண்டு ஊத்தினாலும் எல்லாரும் குடிக்கணும். இதுக்காகவே பையன அனுப்ப மாட்டேன்னு சொன்ன பெரிய மனுஷங்களும் ஊர்ல இருந்தாங்க. ஸ்கவுட் மாஸ்டர் அவங்க வீட்டுக்குப் போய்க் கெஞ்சல, வர்றவன் வரட்டும்னுட்டாரு. ரெண்டாவது வருஷம் அவங்க பசங்களே வீட்ல சண்டை போட்டுட்டு வந்துட்டாங்க.

என்.சி.சி. எங்க ஸ்கூல்ல இல்ல. 1948ல சட்டம் வந்து ஆரம்பிச்சது, வேலூர்ல பெரிய ஸ்கூல் பசங்க பூட்ஸ் போட்டு மார்ச் பண்றத சுதந்திர தினத்துக்குப் போனா வாயப் பொளந்துக்கினு பாப்போம், அவ்வளவுதான். வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு மிலிட்டரிக்காரங்க இருக்கற ஊர்ப் பசங்களுக்கு அதுல தனி மரியாதை.

சயின்ஸ் கிளப் ரொம்ப நாள் தூங்கிக்கினு இருந்துச்சு, 1957 அக்டோபர் நாலாந்தேதி ரஷ்யாக்காரன் ஸ்புட்னிக் விட்டான், அதுவரைக்கும்தான். மறுநாள்ல இருந்து சயின்ஸ் சார்கிட்ட ஒரே கூட்டம். எண்பத்து மூணு கிலோ சொச்சம், தொண்ணூத்தாறு நிமிஷத்துல உலகத்த ஒரு சுத்து, சார் போர்டுல எழுதிப் போட்டாரு. இது ஏன் கீழ விழல சார்னு ஒருத்தன் கேட்டான், சார் நேரா பதில் சொல்லாம ஒரு கயித்துல கல்லக் கட்டிச் சுத்தச் சொன்னாரு, கயித்த விடுறா இப்பன்னாரு, கல்லு போய் ஹெட்மாஸ்டர் ரூம் ஓட்டு மேல விழுந்துச்சு. அன்னிக்கு சாருக்கே டோஸ். விடியக்காலையில ஆத்தங்கரைக்குப் போய் வானத்தப் பாத்துக்கினு நின்னோம், ஒரு புள்ளி ஓடுச்சு, ஓன்னு கத்தினோம். வெறுங்கண்ணுக்குத் தெரிஞ்சது ஸ்புட்னிக்கத் தூக்கிட்டுப் போன ராக்கெட்தான்னு ரொம்ப வருஷம் கழிச்சுப் படிச்சேன், இன்னா இருந்தா இன்னா. இப்ப நம்ம ஜவ்வாது மலையிலயே காவலூர்ல 2.34 மீட்டர் டெலஸ்கோப்பு 1986ல இருந்து நிக்குது, வானியல் விஞ்ஞானி வைணு பாப்பு பேர்ல, வாணியம்பாடி ஆலங்காயம் வழியா பஸ் போகுது. வேலூர், திருப்பத்தூர் ரெண்டு மாவட்டத்துலயும் எத்தன அரசுப் பள்ளிப் பசங்க அங்க போயிருக்காங்கன்னு உங்க நிருபர் யாராவது விசாரிச்சு எழுதினா நல்லா இருக்கும்.

கையெழுத்துப் பத்திரிகைய விட்டுட்டா பாவம். மூணு மாசத்துக்கு ஒன்னு, ஒரே ஒரு காப்பிதான். கையெழுத்து அழகா இருக்கறவன் ஒருத்தன் கறுப்பு இங்க்குல முழுசும் எழுதுவான், டிராயிங் மாஸ்டர் மேற்பார்வையில அட்டப்படம், கிராஃப்ட் மாஸ்டர் ஊசி நூல் வெச்சுத் தெச்சு கோந்து போட்டு பைண்டு பண்ணிக் குடுப்பாரு. லைப்ரரி மேஜையில கயித்துல கட்டிப் போட்டிருக்கும். பின்னாடி நாலு பக்கம் வெத்தா விட்டுருப்போம், படிச்சவன் கருத்து எழுத. அதத்தான் எல்லாரும் மொதல்ல படிப்பாங்க. ஒருத்தன் எழுதின பேய்க் கதைக்குக் கீழ "பேய் பரவாயில்ல, இலக்கணப் பிழைதான் பயமா இருக்கு"ன்னு எவனோ எழுதி வெச்சுட்டான், கையெழுத்தப் பாத்தா தமிழய்யாவோடது மாதிரியே இருக்கும், கடைசி வரைக்கும் அவரு ஒத்துக்கல.

டிராமா, பால் பேட்மிண்டன், சடுகுடு பத்தியெல்லாம் எழுதினா இந்த லெட்டர் முடியாது. மஞ்சக் கலர் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு அஞ்சு பேரு, சுண்ணாம்புக் கோடு நாங்களே போடுவோம், போதும். டிராமாவுல பொம்பள வேஷத்துக்கும் பசங்கதான், தெருக்கூத்து பாத்து வளந்த ஊரு இது, கூத்துக்குப் பேர் போன புரிசை எங்க மாவட்டத்துல இருந்த ஊருதான், அதனால யாரும் வெக்கப்படல.

எல்லாம் பொன்னா இருந்துச்சுன்னு சொல்ல வரல சார். எங்க கிளாஸ்ல பொண்ணுங்க விரல் விட்டு எண்ணலாம். அவங்கள கடவுள் வாழ்த்து பாடக் கூப்பிடுவாங்க, பாடினதும் போய் ஒக்காந்துக்கணும், விவாதத்துல ஒரு பொண்ணு பேசி நான் மினிட்ஸ் எழுதினதே இல்ல. அவங்களுக்குள்ள எத்தன பேரு எங்களவிட நல்லா பேசியிருப்பாங்களோ. ஸ்கவுட் காக்கித் துணிக்குக் காசில்லாம பின்னாடி நின்ன பசங்களும் உண்டு. ஸ்கூல் சம்பளத்தோட ஸ்பெஷல் பீஸ்னு கேம்ஸுக்கும் சேத்து வாங்குவாங்க, கட்ட முடியாம படிப்ப விட்டவனும் உண்டு. இன்னிக்கு அரசுப் பள்ளியில பீஸ் இல்ல, யூனிஃபார்ம் சும்மா குடுக்கறாங்க, பொண்ணுங்க பாதிக்குப் பாதி இருக்காங்க. எங்களுக்கு இல்லாததெல்லாம் இருக்கு. அந்த ஒரு பீரியடு மட்டும் கெட்டியா இல்ல.

இது ஏதோ எங்க ஹெட்மாஸ்டரோட சொந்த ஆசைன்னு அந்த வாசகர் நெனைச்சுடக் கூடாது. 1952, 53ல டாக்டர் லட்சுமணசுவாமி முதலியார் தலைமையில இந்திய அரசு ஒரு கமிஷன் போட்டுச்சு, செகண்டரி எஜுகேஷன் கமிஷன், முதலியார் கமிஷன்னு சொல்லுவாங்க, அப்ப அவரு மெட்ராஸ் யூனிவர்சிட்டி துணைவேந்தர். பாடத்துக்கு வெளிய நடக்கற இந்த மன்றம், விளையாட்டு, சாரணர் எல்லாம் படிப்போட ஒரு பகுதிதான், தனியா ஒட்ட வெச்சது இல்லன்னு அந்த அறிக்கையில சொன்னாங்க. எழுபது வருஷம் ஆச்சு. இன்னும் நாம "எக்ஸ்ட்ரா"ன்னே நெனைச்சுக்கினு இருக்கோம், எக்ஸ்ட்ரான்னா பணம் இருக்கறவனுக்கு.

ஆக நான் கேக்கறது பெருசா ஒன்னும் இல்ல. புதுசா திட்டம் வேணாம், புதுப் பேரு வேணாம், லோகோ வேணாம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை நாலு மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரும் ஒரு சர்க்குலர் போடட்டும், வாரத்துல ஒரு நாள் கடைசி பீரியடு மன்றம், ஆறாங்கிளாஸ்ல இருந்து பன்னெண்டு வரைக்கும், பத்தாங்கிளாஸுக்கும் சேத்து, அத எந்தப் பாடத்துக்கும் எடுக்கக் கூடாது. பத்தாங்கிளாஸ் பசங்களுக்கு எதுக்குன்னு கேப்பீங்க, நாங்க எஸ்.எஸ்.எல்.சி. வருஷத்துலயும் பேசினோம், பாஸும் பண்ணோம். செகரட்டரி பசங்களா இருக்கட்டும், பாதி வருஷம் பொண்ணு, பாதி வருஷம் பையன். மினிட்ஸ் நோட்ட பசங்க கையால எழுதட்டும், தப்புந் தவறுமா இருந்தாலும் பரவாயில்ல. அதிகாரி இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தா போட்டோ கேக்க வேணாம், அந்த நோட்ட வாங்கிப் படிக்கட்டும், நடந்துச்சா இல்லையான்னு ரெண்டு பக்கத்துல தெரிஞ்சிடும். டீச்சருங்களுக்கும் அப்லோட் வேலை மிச்சம்.

தனியார் ஸ்கூலுக்கும் இதேதான். வேன்ல ஏத்தி அனுப்பிட்டு சாயங்காலம் தனி பீஸுக்கு கிளாஸ் நடத்தறத விட்டுட்டு ஸ்கூல் டைம்லயே வைக்கட்டும். அவங்க கேக்க மாட்டாங்கன்னு தெரியும், அதுக்காகக் கேக்காம இருக்க முடியுமா.

உங்ககிட்டயும் ஒரு வேண்டுகோள் சார். உங்க பேப்பர்ல மாணவர் பக்கம் வாரா வாரம் வருது, அதுல பாதி டியூஷன் சென்டர் விளம்பரம். ஒரு அரைப் பக்கம் ஒதுக்கி, ஏதாவது ஒரு ஊர் அரசுப் பள்ளி மன்றத்தோட மினிட்ஸ ஒரு வரி கூட திருத்தாம அப்படியே போடுங்க, ஜமுனாமரத்தூர்ல இருந்து ஒரு வாரம், பேர்ணாம்பட்டுல இருந்து ஒரு வாரம், போளூர்ல இருந்து ஒரு வாரம். எழுதின பையன் பேரோ பொண்ணு பேரோ கீழ வரணும். தபால் செலவுக்கு ஸ்டாம்ப் வேணும்னா நான் வாங்கித் தர்றேன், ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர், எனக்கு அது ஒன்னுதான் வாங்கத் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு பழைய மன்றச் செகரட்டரி,
குடியாத்தம்.